கெர்னல் எச்சரிக்கைகளுக்கு எந்த அளவில் வரம்பு வைப்பது? இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: படிமக்காரர்

வணக்கம். திரையும் விசைப்பலகையும் இல்லாமல் இயங்கும் சில நூறு லினக்ஸ் கணினிகளுக்கான பொது இமேஜை, அதாவது எல்லாவற்றிலும் நிறுவும் ஒரே இயங்குதளப் படிமத்தை, தயாரித்துப் பராமரிப்பது என் வேலை. கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) எச்சரிக்கைகள் தொடர்பான சிஸ்சிடிஎல் மதிப்புகளில், அதாவது இயங்கும்போதே மாற்றக்கூடிய கெர்னல் அமைப்புகளில், இதுவரை எதையும் நான் தொட்டதில்லை. உருவாக்கியவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நம்பி இயல்பு மதிப்புகளோடு விட்டிருந்தேன்.

கடந்த மாதம் ஒரு கணினி திடீரென்று மெதுவானது. உள்ளே நுழைந்து, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்தபோது, முதல் வரியின் நேரமுத்திரையே (துவக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது) 61,000 விநாடியைத் தாண்டியிருந்தது. துவக்கத்தின்போது வந்த செய்திகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழையதன்மேல் புதியது எழுதப்படும் செய்திப் பஃபர் முழுக்க ஒரு வெப்ப உணரியின் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதிய ஒரே எச்சரிக்கை வரிதான். பத்து வரிக்கு ஒருமுறை, இத்தனை கால்பேக்குகள் (மேலும் எழுத வந்த செய்திகள்) அடக்கப்பட்டன என்று ஒரு வரி. ஃபிளாஷ் தேய்மானத்துக்கு அஞ்சி கணினியின் பதிவேடான ஜர்னலை நினைவகத்தில் மட்டும், அதுவும் சிறிய அளவில் வைத்திருப்பதால், அங்கும் பழையவை வெளியே தள்ளப்பட்டுவிட்டன. உண்மையான கோளாறு வட்டுக் கட்டுப்படுத்தியில் இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் அதைப் பற்றித் துவக்கத்தில் கெர்னல் ஏதாவது சொல்லியிருந்தாலும் அது இப்போது என் கையில் இல்லை.

அடுத்து நான் செய்தது, செய்திகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரிண்ட்கே ரேட்லிமிட் (இடைவெளி) மதிப்பை 5-இலிருந்து 60 விநாடியாகவும், பிரிண்ட்கே ரேட்லிமிட் பர்ஸ்ட் (அந்த இடைவெளியில் அனுமதிக்கும் வரிகள்) மதிப்பை 10-இலிருந்து 2 ஆகவும் மாற்றியது. உணரியின் வரிகள் வரும் வேகத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. புதிய மதிப்புகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், சரியாகவே பதிந்திருக்கின்றன.

எனவே இரண்டு கேள்விகள். இந்த மாற்றம் ஏன் பலிக்கவில்லை? இமேஜில் பொதுவாக எந்த வரம்புகளை எந்த அளவில் வைப்பது உசிதம்? பேனிக் ஆன் வார்ன் (ஒரு வார்ன் எச்சரிக்கை வந்தாலே கெர்னல் பேனிக் ஆகி, அதாவது இயக்கத்தையே நிறுத்தி, விடுவது) மதிப்பை 1 ஆக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று உடன் பணிபுரியும் ஒருவர் வற்புறுத்துகிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுக்கக் காரணமும் தெரியவில்லை.

மறுமொழி: வளையப்பஃபர்

முதல் கேள்விக்கு நேரடியான விடை இருக்கிறது. நீங்கள் மாற்றிய இரண்டு மதிப்புகளும், பிரிண்ட்கே ரேட்லிமிட் என்ற பழைய செயல்கூறு பயன்படுத்தும் ஒரே ஒரு பொது நிலைக்கு மட்டுமே உரியவை. கெர்னல் முழுவதும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொண்டால், ஓர் இடத்தின் கூச்சல் இன்னோர் இடத்தின் நியாயமான எச்சரிக்கையை விழுங்கிவிடும் என்பதால், புதிய குறிமுறையில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று நெடுங்காலமாகவே சொல்லப்படுகிறது. அதற்கு மாற்றாக வந்த பிஆர் வார்ன் ரேட்லிமிட்டெட், டெவ் வார்ன் ரேட்லிமிட்டெட் போன்ற மேக்ரோக்கள், அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் தமக்கென்று தனி நிலையை வைத்துக்கொள்கின்றன. அவற்றின் 5 விநாடியும் 10 வரியும் தொகுக்கும்போதே உள்ளே பொதிந்துவிடும் மாறிலிகள். சிஸ்சிடிஎல் அவற்றைத் தொடுவதே இல்லை. உங்கள் உணரியின் டிரைவர் இந்த இரண்டாம் வகையாக இருக்கவேண்டும். (வலையமைப்புப் பகுதிக்கு நெட் கோர் மெசேஜ் காஸ்ட், மெசேஜ் பர்ஸ்ட் என்று வேறொரு ஜோடி உண்டு. அங்கும் இதே 5, இதே 10.)

இனி அந்த 5, 10 என்ற எண்களைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளம் நின்றுவிடும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 5 விநாடிக்கு 10 வரி, அதோடு அடக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு வரி, ஆக 11. ஒரு நாளில் 5 விநாடிகள் 17,280 முறை வருகின்றன. பெருக்கினால் 1,90,080 வரிகள். வரிக்கு 100 பைட் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஓர் அழைப்பிடம் ஒரு நாளைக்கு 19 மெகாபைட் எழுதுகிறது, அதுவும் வரம்புக்கு உட்பட்டே! கெர்னலின் செய்திப் பஃபருக்கு லாக் பஃப் ஷிஃப்ட் இயல்பாக 17, அதாவது 2-இன் 17-ஆம் அடுக்கான 128 கிலோபைட். அதில் இப்படிப்பட்ட வரிகள் சுமார் 1,310 கொள்ளும். விநாடிக்கு 2.2 வரி என்ற வேகத்தில் பத்தே நிமிடத்தில் பஃபர் முழுவதும் புரண்டுவிடும். உங்கள் துவக்கச் செய்திகள் 61,000 விநாடி வரை தாக்குப்பிடிக்கவில்லை என்பதில் வியப்பு ஒன்றுமில்லை. உணரி தகராறு செய்யத் தொடங்கிய முதல் கால் மணி நேரத்துக்குள்ளாகவே அவை போயிருக்கும்.

ஆகவே வேக வரம்பு என்பது கணினி மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு ஏற்பட்டது. பழைய செய்திகளைக் காப்பாற்றுவது அதன் வேலை அன்று. லாக் பஃப் லென் அளவுருவில் பஃபரை 1 மெகாபைட்டாக உயர்த்தினாலும் ஏறத்தாழ 80 நிமிடம்தான் கிடைக்கும். நினைவகம் போதுமானால் உயர்த்துங்கள், ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம். துவக்கம் முடிந்த மறுகணமே டிமெஸ்ஜி வெளியீட்டை ஒரு கோப்பில் ஒருமுறை எழுதி வையுங்கள். ஒரு துவக்கத்துக்கு நூறு சொச்சம் கிலோபைட் எழுதுவதால் எந்த ஃபிளாஷும் தேய்ந்துவிடாது.

டிரைவரின் மூலக் குறிமுறை உங்களிடம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மேக்ரோ வைத்துக்கொள்ளும் நிலை அழைப்பிடத்துக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று அன்று; ஒரே டிரைவரின் கீழ் நான்கு உணரிகள் இருந்தால், கெட்டுப்போன முதல் உணரியே பத்து வரியையும் தின்றுவிட்டு, மற்ற மூன்றின் எச்சரிக்கைகளை வாய் திறக்கவிடாமல் செய்யும். சாதனத்துக்குரிய கட்டமைப்புக்குள்ளேயே ஒரு ரேட்லிமிட் நிலையை வைத்து, இடைவெளியை ஒரு மணி நேரமாகவும் பர்ஸ்டை 5 ஆகவும் கொடுத்து, மொத்தப் பிழை எண்ணிக்கையை சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாகக் காட்டினால், பார்ப்பவருக்கு வேண்டியது கிடைக்கும், பஃபரும் பிழைக்கும். ஓர் உணரியைப் படிக்க முடியவில்லை என்பதை மணிக்கு 7,200 முறை சொல்வதால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை.

மூலக் குறிமுறை இல்லையென்றால், அந்த உணரியை இடைவிடாமல் படித்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு நிரலின் வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு படிப்பும் தோற்பதால்தான் ஒவ்வோர் எச்சரிக்கையும் பிறக்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை படித்தால் பத்து விநாடிக்கு ஒரு வரிதான் வரும்.

மறுமொழி: சீரியல்கம்பி

மேலே உள்ளவர் பஃபரின் பக்கத்திலிருந்து பேசினார். இந்தக் கணினிகளில் சீரியல் கன்சோல் (கெர்னல் செய்திகளைக் கம்பி வழியே வெளியே அனுப்பும் இணைப்பு) பொருத்தப்பட்டிருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. திரையில்லாத கணினி என்று சொல்லியிருப்பதால் பொருத்தியிருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன்.

115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று கொண்டால் விநாடிக்கு 11,520 எழுத்துகள் போகும். நேரமுத்திரையோடு சேர்த்து 100 எழுத்துள்ள ஒரு வரிக்கு 9 மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவு; இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் பழைய பழக்கத்தில் 9600 பாட்டில் விட்டுவைத்திருக்கும் கன்சோல்களை நான் இன்றும் பார்க்கிறேன். அங்கே அதே வரி 104 மில்லிவிநாடி எடுக்கும். 5 விநாடிக்கு 11 வரி என்றால் 1.1 விநாடிக்கு மேல், அதாவது ஒரு சிபியுவின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம், எழுத்துகளைக் கம்பியில் ஒவ்வொன்றாகத் தள்ளுவதிலேயே போகிறது. உங்கள் கணினி மெதுவானதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கவும் கூடும். வட்டைச் சந்தேகிக்கும் முன் கெர்னல் கட்டளை வரியில் கன்சோல் வேகம் என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கெர்னலின் வார்ன் என்ற எச்சரிக்கை எழுதும் முழு ஸ்டாக் டிரேஸ் (செயல்கூறுகளின் அழைப்புத் தொடர்) இதைவிட மோசம். சுமார் 40 வரி, வரிக்கு 70 எழுத்து என்று வைத்தால் 2,800 எழுத்து: 115200-இல் கால் விநாடி, 9600-இல் 2.9 விநாடி. வழக்கமான கன்சோல்களில், கன்சோல் பூட்டை வைத்திருப்பவர் மற்ற சிபியுக்கள் எழுதியவற்றையும் சேர்த்து அச்சிடவேண்டிய நிலை நேரலாம். ஒரு சிபியு இடைவிடாமல் இப்படி ஏழு டிரேஸ்களை அச்சிட்டுக்கொண்டிருந்தால் 20 விநாடி ஆகிவிடும். வாட்ச்டாக் திரெஷ் இயல்பாக 10, அதன் இருமடங்கான 20 விநாடியில் சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை, அதாவது ஒரு சிபியு சிக்கிக்கொண்டது என்ற செய்தி, கிளம்பும். அது தன் பங்குக்கு இன்னொரு டிரேஸைக் கம்பியில் ஏற்றும். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது போலத்தான். எச்சரிக்கைகளே அடுத்த எச்சரிக்கைக்குக் காரணமாகும் இந்த நிலையை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். பதிவைப் படித்தால் சிபியு சிக்கிக்கொண்டதுபோல் தெரிந்தது. உண்மையில் அது அச்சிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு வேக வரம்பில் இல்லை, கன்சோல் நிலையில் இருக்கிறது. கெர்னல் பிரிண்ட்கே மதிப்பின் நான்கு எண்களில் முதலாவது கன்சோல் நிலை. அதைவிடச் சிறிய எண்ணுள்ள செய்திகள் மட்டுமே கன்சோலுக்குப் போகும். எச்சரிக்கையின் எண் 4, பிழையின் எண் 3. இயல்பான 7-ஐ 4 ஆக்கினால் எச்சரிக்கைகளும் வார்ன் டிரேஸ்களும் பஃபரில் பதியும், கம்பியில் போகா. பிழைகளும் அதற்கு மேற்பட்டவையும் கம்பியில் வரும். கட்டளை வரியில் குவயட் என்று கொடுத்தாலும் இதே 4 தான். என் கருத்தில் திரையில்லாக் கணினிகளுக்கு மாற்றவேண்டிய முதல் மதிப்பு இதுவே.

பயனர் நிரல்கள் டெவ் கேஎம்எஸ்ஜி வழியாகக் கெர்னல் பஃபரில் எழுதுவதற்கும் ஒரு வரம்பு உண்டு. பிரிண்ட்கே டெவ்கேஎம்எஸ்ஜி என்பதன் இயல்பு மதிப்பு ரேட்லிமிட். துவக்கக் கோளாறு ஒன்றைத் துரத்தும்போது சிஸ்டம்டி (சேவைகளைத் துவக்கும் நிரல்) எழுதியவற்றில் பாதியைக் காணவில்லையே என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள். அன்றாட இயக்கத்துக்கு அதை மாற்றவேண்டியதில்லை.

மறுமொழி: படிமக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. கட்டளை வரியைப் பார்த்தேன். 9600 என்றே இருக்கிறது. யார், எப்போது எழுதினார்கள் என்று தெரியவில்லை. நான் இந்த வேலையை ஏற்கும் முன்பிருந்தே இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

பேனிக் ஆன் வார்ன் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அதோடு ஹங் டாஸ்க் வார்னிங்ஸ் மதிப்பு அதே கணினியில் 0 என்று காட்டுகிறது. நாங்கள் அதை 0 ஆக்கியதே இல்லை. இயல்பு மதிப்பு 10 என்றுதான் ஆவணத்தில் இருக்கிறது.

மறுமொழி: ஊப்ஸ்எண்ணி

ஹங் டாஸ்க் வார்னிங்ஸ் 0 ஆனதை நீங்கள் கவனித்தது நல்லதாயிற்று, ஏனென்றால் உங்கள் வட்டுச் சந்தேகத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தடயம் அதுவாகத்தான் இருக்கும். அது ஒரு வேகம் அன்று, குறைந்துகொண்டே வரும் கையிருப்பு. ஒரு பணி 120 விநாடிக்கு மேல் டி நிலையில், அதாவது குறுக்கிட முடியாத உறக்கத்தில், கிடந்தால் கெர்னல் அதைப் பற்றி எழுதிவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கும். 0 ஆனபின் வாயே திறக்காது. வட்டு ஒன்று ஒருமுறை இரண்டு நிமிடத்துக்கு மேல் பதிலளிக்காமல் போனால், அதற்காகக் காத்திருக்கும் பணிகள் பத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். ஒரே சுற்றில் பத்தும் தீர்ந்துவிடும். அடுத்த மறுதுவக்கம் வரை, அது ஒரு வருடம் கழித்து வந்தாலும், அந்தக் கணினியில் இவ்வகைச் சிக்கலைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படாது. உங்கள் கணினியில் அந்த எண் தானாக 0 ஆகியிருக்கிறது என்றால் குறைந்தது பத்துமுறை ஏதோ ஒரு பணி 120 விநாடிக்கு மேல் சிக்கியிருக்கிறது என்று பொருள். கன்சோலின் மந்தம் மட்டும் இதைச் செய்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. சீரியல்கம்பி சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், வட்டைச் சோதிப்பதைக் கைவிட வேண்டாம்.

அந்த மதிப்பை -1 ஆக்கினால் வரம்பே இல்லை. ஆனால் பஃபரை நிரப்பும் இன்னொரு வாயாக அது மாறும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நாள்தோறும் ஒருமுறை எண்ணைப் படித்து, 10-க்குக் குறைந்திருந்தால் மையக் கணினிக்குத் தெரிவித்துவிட்டு மீண்டும் 10 என்று எழுதும் ஒரு சிறிய வேலையைக் கிரானில் (குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் நிரலில்) வைத்தால் போதும்.

இப்போது பேனிக் ஆன் வார்ன். உங்கள் நண்பரின் எண்ணம் முற்றிலும் தவறானதன்று. கெர்னலில் வார்ன் என்பது நடக்கவே கூடாத ஒன்று நடந்துவிட்டது என்று சொல்வதற்கு உரியது. பயனர் நிரல் ஒன்று வேண்டுமென்றே தூண்டிவிடக்கூடிய இடங்களில் அதைப் பயன்படுத்தலாகாது என்பதும், பயன்படுத்தினாலும் ஒருமுறை மட்டும் எழுதும் வார்ன் ஆன் ஒன்ஸ் வடிவமே நல்லது என்பதும் கெர்னலின் குறிமுறை வழிகாட்டியிலேயே உள்ளன. ஆகவே வார்ன் வந்த கணத்தில் நின்றுவிடுவதே மேல் என்று கருதும் சூழல்கள் உண்டு. சோதனைக் கணினிகளிலும், தவறான விடையைக் காட்டிலும் விடையே இல்லாதது நல்லது என்ற வகை அமைப்புகளிலும் நானும் அதை 1 ஆக வைப்பேன். ஆனால் நடைமுறையில், பாதிப்பில்லாத வார்ன்களை எழுதும் டிரைவர்கள் நிறையவே உள்ளன. சில நூறு கணினிகளில் ஒரே கெர்னலும் ஒரே வன்பொருளும் இருக்கும்போது, புதிய பதிப்பில் அப்படி ஒன்று நுழைந்துவிட்டால் அத்தனையும் ஒரே நாளில் விழும்.

அதைவிடப் பெரிய ஒரு பொறி இருக்கிறது. கெர்னல் பேனிக் என்ற மதிப்பு பொதுவாக 0. பேனிக் ஆனபின் மறுதுவக்கம் இல்லாமல் அப்படியே நின்றுவிடு என்பதே அதன் பொருள். திரையும் ஆளும் இல்லாத இடத்தில் அதை 10 என்று மாற்றாமல் பேனிக் ஆன் வார்ன் மட்டும் வைப்பது கணினியைக் கல்லாக்கும் செயல். மறுதுவக்கம் ஆனாலும், பேனிக்குக்கு முந்தைய செய்திகளைக் காக்க பிஸ்டோர் போன்ற ஏற்பாடு இல்லையென்றால், ஏன் விழுந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கெர்னலின் 6.2 பதிப்பில் இரண்டு இடைநிலை வரம்புகள் சேர்ந்தன. ஊப்ஸ் என்பது கெர்னல் முழுதாக நிற்காமல் தப்பும் ஒரு கடும் பிழை; அதற்கான ஊப்ஸ் லிமிட் இயல்பாக 10,000. அத்தனை ஊப்ஸ்களுக்குப் பின் கெர்னல் பேனிக் ஆகும். ஒவ்வோர் ஊப்ஸும் விடுவிக்காமல் விட்டுச்செல்லும் குறிப்பெண்ணிக்கைகளை (ஒன்றை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்குகளை), ஒருவர் திரும்பத் திரும்ப ஊப்ஸைத் தூண்டி நிரம்பி வழியவைத்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தலாம் என்ற கவலையிலிருந்து பிறந்தது அது. 10,000 என்பது அந்தத் தாக்குதலுக்கு மிகக் குறைவு, நேர்மையான கணினிக்கு மிக அதிகம் என்ற இடத்தில் நிற்கிறது. நல்ல இயல்பு மதிப்புக்கு இதை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். வார்ன் லிமிட் இயல்பாக 0, அதாவது வரம்பில்லை. அதை 1 ஆக்கினால் பேனிக் ஆன் வார்னுக்குச் சமம். 100 என்று வைத்தால் ஓரிரு தனி வார்ன்களைப் பொறுத்துக்கொண்டு, ஒரு டிரைவர் தறிகெட்டு எழுதத் தொடங்கினால் மட்டும் கணினியைப் பேனிக் ஆக்கும். ஒன்ஸ் வகையைச் சேர்ந்த வார்ன்கள், அந்த இடத்திலிருந்து ஒருமுறைதான் எண்ணப்படும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

உங்களுக்கு நான் சொல்வது, இரண்டையும் இயல்பு மதிப்பிலேயே விட்டுவிட்டு, சிஸ் கெர்னல் கீழுள்ள வார்ன் கவுண்ட், ஊப்ஸ் கவுண்ட் என்ற இரு கோப்புகளையும் கண்காணிப்பில் சேருங்கள் என்பதே. பஃபர் புரண்டாலும் அந்த எண்கள் புரளா. பழைய கெர்னல்களில் அவை இல்லையென்றால் டெயின்டெட் (கெர்னலில் நேர்ந்தவற்றைக் குறிக்கும் கொடிகள்) மதிப்பில் 512 என்ற பிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; ஒரு வார்ன் வந்திருந்தால் அது ஏறியிருக்கும்.

மறுமொழி: வளையப்பஃபர்

ஹங் டாஸ்க் விஷயத்தில் சிறு மாற்றுக்கருத்து. 120 விநாடி இடைவெளியில் வரும் டிரேஸ்கள் பஃபரை நிரப்பும் வாய் என்று சொல்வது மிகை. பஃபர் 1 மெகாபைட்டாக இருந்தால் -1 வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. கிரானில் ஒரு வேலை நின்றுபோனால் அதை யார் கவனிப்பார்?

மறுமொழி: ஊப்ஸ்எண்ணி

ஒரு சுற்றில் ஒரு பணி சிக்கினால் நீங்கள் சொல்வது சரி. 200 திரெட்கள் ஒரே வட்டுக்காகக் காத்திருந்தால் ஒரே சுற்றில் 200 டிரேஸ். தலா 2,800 எழுத்து என்றால் 560 கிலோபைட். 1 மெகாபைட் பஃபரின் பாதிக்கு மேல் அந்த ஒரு சுற்றிலேயே போய்விடும். மேலும் ஹங் டாஸ்க் செய்தி பிழை நிலையில் எழுதப்படுவதால் கன்சோல் நிலையை 4 ஆக்கியும் அதன் வரிகள் கம்பிக்குப் போகும். கிரானைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அந்த வேலையைக் கண்காணிப்பு நிரலுக்குள்ளேயே வைத்துவிட்டால், அது நின்றால் கணினியே காணாமற்போனதாகத் தெரியும்.

மறுமொழி: படிமக்காரர்

இன்று சோதனைக் கணினி ஒன்றில் இட்டவை: கன்சோல் வேகம் 115200, கன்சோல் நிலை 4, லாக் பஃப் லென் 1 மெகாபைட், கெர்னல் பேனிக் 10. துவக்கம் முடிந்ததும் டிமெஸ்ஜி கோப்புக்குப் போகிறது. கடைசி ஐந்து துவக்கங்களின் கோப்புகளை வைத்திருக்கிறேன். ஹங் டாஸ்க் 10-இலேயே இருக்கிறது, கண்காணிப்பு நிரல் அதைப் படித்து நிரப்பும். வார்ன் லிமிட்டையும் ஊப்ஸ் லிமிட்டையும் தொடவில்லை. பிரிண்ட்கே ரேட்லிமிட் இரண்டையும் பழைய 5, 10-க்கே திருப்பிவிட்டேன்.

உணரியின் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். கணினி மெதுவாகவில்லை. டிமெஸ்ஜியில் துவக்கச் செய்திகள் எதிர்பார்த்தபடியே இல்லை, ஆனால் கோப்பில் முழுதாக இருக்கின்றன. முதலில் மெதுவான கணினியையும் மறுதுவக்கிப் பார்த்தேன். வட்டுக் கட்டுப்படுத்தியின் இணைப்பு வேகம் துவக்கத்திலேயே இருமுறை குறைக்கப்பட்டதாக அதன் கோப்பில் இரண்டு வரிகள் கிடைத்தன. கேபிளை மாற்றச் சொல்லியிருக்கிறேன். டிரைவருக்கான திருத்தத்தை, சாதனத்துக்கு ஒரு ரேட்லிமிட் நிலை என்ற முறையில், எழுதிக்கொண்டிருக்கிறேன்; முடிந்ததும் இங்கேயே இடுகிறேன், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.